பச்சைப் பொத்தான்

“மேடம், நீங்க எனக்கு எதுவுமே சொல்லித் தர மாட்டேங்கிறீங்க” என்றான் குணாளன்.

ஹெப்சிபா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “என்ன சொல்லித் தரணும்?”

“நல்ல டெவலப்பர் ஆகறதுக்கு.”

“நான் எழுதினதை அனுப்புறேன். படிங்க.”

அவ்வளவுதான் பேச்சு.

பாளையங்கோட்டையில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்தது அந்தச் சின்ன கம்பெனி. ஆம்னி பஸ்களுக்கு டிக்கெட் போடும் மென்பொருள்தான் அவர்கள் பிழைப்பு. குணாளன் இன்ஜினியரிங் முடித்து, அரசாங்கப் பரீட்சைகளில் சில வருஷங்களைத் தொலைத்துவிட்டு அங்கே வந்து சேர்ந்தவன். ஹெப்சிபா டீம் லீட். வயதில் அவனைவிடச் சின்னவள்.

மாதக் கடைசியில் அவனுக்கு வேலை நிரந்தரமா, இல்லை வீட்டுக்கா என்று எழுதப்போகிறவளும் அவள்தான். போதாதா? சந்தேகம் அவன் மண்டைக்குள் குடித்தனமே நடத்தியது.

“சாப்பிட்டாச்சா?” என்று அவள் கேட்டால், இன்றைக்கு ஏன் கேட்கிறாள் என்று யோசிப்பான். முதலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று முடிவு கட்டுவான்.

அந்த ஆபீசில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் எழுதிய கோடிங்கை இன்னொருவர் படித்துப் பார்த்து, பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் அது வெளியே போகும். லீட் எழுதினாலும் அப்படித்தான்.

ஹெப்சிபா தான் எழுதியதையெல்லாம் குணாளனுக்கே அனுப்பினாள்.

இது பொறி என்று அவனுக்குப் பட்டது. குறை சொன்னால் திமிர் பிடித்தவன் என்று எழுதிவிடுவாள். அவன் அவ்வளவு ஏமாளியா? மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்து, பச்சைப் பொத்தானை அமுக்கி, “சூப்பர் மேடம்” என்று ஒரு வரியும் போட்டுவிடுவான்.

அவள் மறுநாளும் அனுப்புவாள். அவன் மறுநாளும் அமுக்குவான்.

ஒரு காலையில் பஸ் கம்பெனியிலிருந்து போன் வந்தது. போனில் வந்த சத்தம் அடுத்த மேஜைவரை கேட்டது.

நாலு பேர் உள்ள ஒரு குடும்பம் சென்னைக்கு டிக்கெட் போட்டிருந்தது. மகனுக்குப் பரீட்சை வந்துவிட்டதால் அவனுடைய சீட்டை மட்டும் ரத்து செய்தார்கள். மென்பொருள் நாலு சீட்டையும் ரத்து செய்து, வேறு ஆட்களுக்கு விற்றுவிட்டது. முந்தின ராத்திரி, உள்ளூர் வண்ணார்பேட்டை பைபாஸில் பெட்டி படுக்கையோடு நின்ற அந்த வீட்டு அம்மாவையும் மற்ற இருவரையும் கீழே விட்டுவிட்டுப் பஸ் போய்விட்டது. நாளைக்குச் சென்னையில் அந்த அம்மாவின் தங்கைக்கு ஆபரேஷன்.

குணாளன் அந்தக் கோடிங்கை யார் எழுதியது என்று பார்த்தான். ஹெப்சிபா.

மாட்டிக்கொண்டாள் என்று உள்ளுக்குள் ஒரு துள்ளல். கீழே, படித்துச் சரி சொன்னவர் பெயரைப் பார்த்தான். குணாளன்.

முதலாளி சம்சுதீன் வெளியே வந்தார். “யாரு பார்த்த வேலை இது?”

“நான் எழுதினது சார்” என்றாள் ஹெப்சிபா. “இப்பவே திருத்திடறேன். அந்த அம்மாவுக்கு இன்னைக்குக் காலையில கிளம்புற பஸ்ல சீட்டுக் கேட்டிருக்கேன்.”

குணாளன் பெயரை அவள் எடுக்கவே இல்லை.

அதுதான் அவனை அதிகம் உறுத்தியது. ஏன் சொல்லவில்லை? மாதக் கடைசிக்குப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாளோ?

மத்தியானம் வரைக்கும்கூடப் பொறுக்க முடியவில்லை. நேரே போய் நின்றான்.

“மேடம், வேணும்னுதானே அந்தத் தப்பை வச்சீங்க? என்னைச் சோதிக்கத்தானே?”

அவள் முதல்முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“வேணும்னு வைக்கலை. அன்னைக்கு எனக்குத் தலைவலி.”

அவன் திரும்பிப் போகப் பார்த்தான்.

“வந்த நாள்லேருந்து என்னைச் சந்தேகமாத்தான் பார்க்கிறீங்க, இல்லையா?”

இல்லை என்று சொல்ல நினைத்தான். தலை தானாக ஆமாம் என்று ஆடிவிட்டது.

“நான் சாப்பிட்டீங்களான்னு கேட்டதைக்கூட நம்பலை. என் கோடிங்கை மட்டும் எப்படி நம்புனீங்க?”

குணாளனுக்கு அந்த அம்மாவின் பெட்டி படுக்கைதான் கண்ணில் வந்தது. வெட்கமாக இருந்தது. அது வேலை போய்விடுமோ என்ற வெறும் பயம் இல்லை என்று அவனுக்கே தெரிந்தது.

அவள் மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினாள். திருத்தி எழுதியது திரையில் இருந்தது. பச்சைப் பொத்தான் கீழே காத்திருந்தது.

குணாளன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். படித்தான். மேலே போய் மறுபடி முதலிலிருந்து படித்தான். அவள் டீ ஆறி ஆடை கட்டியது.

“மேடம்.”

“ம்.”

“நாலு பேரும் ஒவ்வொருத்தரா ரத்து பண்ணிட்டா? சீட்டெல்லாம் போயிடுது. புக்கிங் மட்டும் அப்படியே நிக்குதே. ஆளே இல்லாத டிக்கெட்டுக்குப் பஸ் காத்துக்கிட்டு நிக்குமே?”

ஹெப்சிபா குனிந்து பார்த்தாள்.

“இதை நான் யோசிக்கலை” என்றாள். மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, தட்டத் தொடங்கினாள். “அடுத்த மாசமும் நான் எழுதறது உங்ககிட்டதான் வரும்.”

“அடுத்த மாசமுமா?” என்றான் குணாளன், சந்தேகமாக.

அவள் திருத்தியதை மறுபடி அவன் பக்கம் திருப்பினாள்.

“படிங்க.”