பவுன்ராஜின் இடது காது

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் தீர்ப்பு உங்கள் தலையில்தான் விழப்போகிறது.

சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் வேலை பார்த்த பவுன்ராஜுக்கு, சிறுவயதில் பொன்னுக்குவீங்கி வந்தபோதே வலது காது போய்விட்டது. இடது காதை வைத்துக் காலத்தை ஓட்டினான். பிறகு அந்தக் காதின் உள்ளேயும் கோளாறு வந்தது. நின்ற இடத்தில் உலகம் சுற்றும். வாந்தி எடுத்து விழுவான். ஒருநாள் ஏழு மாதப் பிள்ளை யாழினியைத் தூக்கியபடியே விழுந்தான். பிள்ளைக்குக் கை முறிந்து, பிறகு கூடியது. அதற்கப்புறம் அவன் பிள்ளையைத் தொடவே இல்லை.

மதுரையில் மருத்துவர் ஹபீபா ஒளிக்காமல் சொன்னார். உள்காதில் உடம்பை நிலைநிறுத்தும் உறுப்பை எடுத்துவிட்டால் சுற்றல் நிற்கும். கேட்பதும் அடியோடு போய்விடும். மிச்சமிருப்பது ஒரே காது என்பதால் அவருக்கு அதில் மனமில்லை. நான்கு மாதம் ஊசி, மாத்திரை என்று பார்த்தார். எதுவும் பலிக்கவில்லை.

"பிள்ள பேசுறதக் கேக்க வேண்டாமாங்க?" என்றாள் மனைவி முத்துச்செல்வி.

"தூக்கணும் செல்வி. அது போதும்."

மருத்துவர் அவனைத் தனியே உட்காரவைத்து இரண்டு முறை கேட்டார். பதில் மாறவில்லை. அறுவை நடந்தது. இரண்டு மாதம் சுவரைப் பிடித்து நடந்து பழகிய பிறகு, பிள்ளையைத் தூக்கினான். முத்துச்செல்விக்கு அழுகையும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது. அவனிடம் சொல்ல வேண்டியதைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள். சாப்பிட வாங்க. தண்ணி வந்துருச்சு.

ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் தோளில் கிடந்த யாழினி தெளிவாக "அப்பா" என்றாள். கன்னத்தில் மூச்சுப் பட்டதும் அவன் மனைவியைப் பார்த்தான். "என்ன சொல்றா?"

இழந்ததை நினைத்து அவன் உடைந்துவிடுவானோ என்று அவளுக்குப் பயம். 'பசிக்குதாம்' என்று எழுதினாள்.

காதைக் கொடுத்துப் பிள்ளையைத் தூக்கிய கணவன், தயங்கித் தயங்கி அறுத்த மருத்துவர், மறைத்த மனைவி. இந்த மூவரில் தவறு செய்தது யார்?

விடை: முத்துச்செல்விதான். என்ன போகும் என்று தெரிந்தே பவுன்ராஜ் கையெழுத்துப் போட்டான். தெரியவைத்த பிறகே மருத்துவர் கத்தியை எடுத்தார். அவன் கொடுத்தது காதை மட்டும்தான். பிள்ளை தன்னைக் கூப்பிட்டது என்ற செய்தியை அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அவளுக்கும் இது உறைத்தது, பதினெட்டு நாள் கழித்து. அன்று பிள்ளை 'அப்பா' என்று கூப்பிட்டதை எழுதிக் காட்டினாள். அவன் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தான்.

"இதுவரைக்கும் எத்தன தடவ கூப்பிட்டிருப்பா?" என்று கேட்டான்.

அவளுக்குத் தெரியவில்லை.