எறும்பு எந்த வழியா வருது?

குருவுக்கு வயது முப்பத்துநாலு. பெயர் பஷீரா. கடலோர ஊர்களில் ஆன்டெனா கட்டுவது தொழில். சீடர் மாசிலாமணிக்கு ஐம்பத்தாறு. இருபது வருடம் போர்வெல் போட்டவர். தரையோ சுவரோ, எதிரே இருப்பதைத் துளைக்காவிட்டால் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது. வயசு தலைகீழாக இருக்கிறதே என்று யாராவது சிரித்தால், "வேலை என்ன, பொறந்த தேதியா கேக்குது?" என்பார்.

அன்று மத்தியானம் புயல் செய்தி வந்தபோது, ஊரின் பதினோரு படகுகள் கடலில் இருந்தன. அவை போயிருந்த தூரத்துக்குச் செல்போன் எட்டாது. கரையிலிருந்து படகுகளைக் கூப்பிடும் வயர்லெஸ் பெட்டி முந்தின நாள்தான் ரோஸ்லின் வீட்டுக்கு வந்திருந்தது. அவள் புருஷனும் ஒரு படகில் இருந்தான். மாடியில் ஆன்டெனாவை நிறுத்தியாகிவிட்டது. அதன் கேபிள் வீட்டுக்குள் வந்து பெட்டியில் சேர வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

"நீங்க மேல கம்பத்தை இறுக்குங்க. உள்ள கொண்டாறது என் பொறுப்பு" என்றார் மாசிலாமணி.

புயலுக்காகக் கரன்ட்டை நிறுத்தியிருந்தார்கள். பெட்டிக்கு பேட்டரி இருந்தது, டிரில்லிங் மெஷினுக்கு இல்லை. உளியும் சுத்தியலும் எடுத்தார். அந்தக் காலத்துக் கருங்கல் சுவர், இரண்டடி கனம். அரைமணி நேரம் அடித்ததில் ஒரு விரல் ஆழம் போயிருந்தது.

"அண்ணாச்சி, இருட்டுறதுக்குள்ள முடியுமா?" என்றாள் ரோஸ்லின்.

அவர் உளியைப் போட்டுவிட்டு, கேபிளை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து மாட்டினார். சாரல் பெட்டிமேலேயே அடித்தது. பதறிப்போய் ஜன்னல் கதவை ஓங்கிச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ரோஸ்லின் படகுகளைக் கூப்பிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். பதிலே இல்லை.

பஷீரா மாடியிலிருந்து தொப்பலாக நனைந்து இறங்கி வந்தாள். ஜன்னல் இடுக்கில் கேபிள் நசுங்கிக் கிடந்தது.

"இருக்கிற வழியாவே கொண்டு வரணும்னு நீங்கதானே சொல்வீங்க? ஜன்னல் இருந்துச்சு, கொண்டாந்தேன்" என்றார்.

"தொறந்திருந்தா வழி. சாத்திட்டா அதுவும் சுவர்தான், அண்ணாச்சி."

"வீட்டை மூணு சுத்து சுத்திட்டேன். வேற ஒரு ஓட்டை கிடையாது. நீங்களே பாருங்க."

பஷீரா பார்க்கப் போகவில்லை. ரோஸ்லின் பக்கம் திரும்பினாள்.

"மழை பெஞ்சா இந்த வீட்டுக்குள்ள எறும்பு எந்த வழியா வருது?"

மாசிலாமணிக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "பதினோரு படகு கடல்ல நிக்குது. எறும்பை விசாரிக்கிற நேரமா இது?"

ரோஸ்லின் யோசிக்கவே இல்லை. "அரிசி டிரம்முக்குப் பின்னால. பழைய பைப்பு போன ஓட்டை ஒண்ணு இருக்கு. ரெண்டு பக்கமும் துணியத் திணிச்சு, மேல சாக்கையும் போட்டிருக்கேன். சனியன், அப்பவும் வருதுக்கா!"

டிரம்மை நகர்த்தினார்கள். துணியைப் பிடுங்கியதும் வெளியே இருந்து ஈரக்காற்று முகத்தில் அடித்தது. பஷீரா நசுங்கிய முனையை வெட்டிப் போட்டுவிட்டு, மிச்சக் கேபிளை வெளியிலிருந்து நுழைத்தாள். ஓட்டைக்குக் கீழே கொஞ்சம் தொங்கவிட்டுத்தான் நுழைத்தாள். மழைத்தண்ணீர் கேபிளோடு உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும். உள்ளே புது முனை மாட்ட ஐந்து நிமிடம் ஆனது.

ரோஸ்லின் மைக்கைப் பிடித்தாள். "கரையிலேர்ந்து ரோஸ்லின் பேசுறேன். புயல் வருது. எல்லாரும் உடனே திரும்புங்க. யாருக்குக் கேக்குது?"

முதலில் வெறும் இரைச்சல். அப்புறம் ஒரு குரல். "கேக்குது தாயி, திரும்புறோம்." அடுத்தது. அதற்கடுத்தது. பத்துப் படகுகள் பேசி முடித்தும் அவள் புருஷன் குரல் வரவில்லை. அவள் மாதாவை வேண்டிக்கொண்டு மறுபடி கூப்பிட்டாள்.

"எதுக்குடி இப்படிக் கத்துற? காது கிழியுது. பாதி தூரம் வந்துட்டோம்."

"வீட்டுக்கு வா, கிழிக்கிறேன்!" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

மாசிலாமணிக்கும் கண் கலங்கிவிட்டது. துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். மனசு நிறைந்திருந்தாலும் அவருக்கு ஒரு சந்தேகம் விடவில்லை.

"வாத்தியாரம்மா, இங்க இந்தப் பிள்ளை இருந்துச்சு, கேட்டதும் சொல்லிருச்சு. ஆளே இல்லாத வீடா இருந்தா யார்கிட்ட கேப்பீங்க?"

பஷீரா அவருடைய உளியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஆளில்லாத வீட்டுக்கு ஆன்டெனா எதுக்கு, அண்ணாச்சி?"