துண்டு போர்த்திய லேப்டாப்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு மாடிக்கடை. லேப்டாப் பழுது பார்க்கிற கடை. அங்கே குருவுக்கு வயது இருபத்தாறு, சீடருக்கு ஐம்பத்து நாலு.

குரு, பர்வீன். சீடர், முப்பது வருஷம் டி.வி. மெக்கானிக்காக இருந்த தணிகாசலம். "குருவே" என்று முதலில் கிண்டலுக்குத்தான் கூப்பிட்டார். அப்புறம் அதுவே பழகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை ஸ்டெல்லா டீச்சர் வந்தார். அரசுப் பள்ளியில் வரலாறு எடுப்பவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. அவர் லேப்டாப், திரையில் இருப்பதையெல்லாம் வாசித்துக் காட்டும். அதைக் கேட்டுத்தான் பாடம் தயாரிப்பார்.

"திறக்கவே கால்மணி நேரம் ஆகுதும்மா. விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டா வேகமா ஓடும்னாங்க. திங்கக்கிழமை பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல். இது பேசலைன்னா எனக்குக் கிளாஸே இல்லை."

டீச்சரின் தங்கை ஜப்பானிலிருந்து கொண்டுவந்த லேப்டாப் அது. இந்தப் பக்கம் யாரும் பார்த்திராத கம்பெனி. தணிகாசலம் விசைகளைப் பார்த்து, "டீச்சர், எல்லாம் ஜப்பான் எழுத்தால்லா இருக்கு!" என்றார்.

"எனக்கு எந்த எழுத்தா இருந்தா என்ன சார்?" என்று டீச்சர் சிரித்தார்.

லேப்டாப்பை விட்டுவிட்டுக் கிளம்பிய டீச்சரைத் தணிகாசலமே கைபிடித்துப் படி இறக்கிவிட்டு வந்தார்.

"எடுத்ததும் உள்ளே ஏத்திராதீங்க அண்ணாச்சி," என்றாள் பர்வீன். "பென்டிரைவ்ல இருந்தே லினக்ஸை ஓடவிட்டு, எது எது ஒத்துப்போகுதுன்னு பாருங்க. தெரியாத மெஷின்."

"பொண்ணு பாக்கப் போற மாதிரி. ஒத்துவரலைன்னா பஜ்ஜியைத் தின்னுட்டு எந்திரிச்சிரலாம்."

"கல்யாணம் ஆயிட்டா பழசு திரும்ப வராது. அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க."

அவர் தாளில் பட்டியல் போட்டார். ஒவ்வொன்றாகச் சோதித்து டிக் அடித்தார். ஒரு மணி நேரத்தில் நிமிர்ந்தார்.

"எல்லாம் சுத்தம் குருவே. ஏத்திரட்டுமா?"

"வைஃபை?"

"பிடிக்குது."

"டச்பேடு?"

"வெண்ணெயா வழுக்குது."

"சவுண்டு?"

"பாட்டுப் போட்டேன். திரையில சவுண்டு கோடு அழகா ஏறி இறங்குது."

பர்வீன் எழுந்து வந்தாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரைமேல் போர்த்தினாள்.

"இப்போ போடுங்க."

தணிகாசலம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பாட்டுக்கான விசையைத் தட்டினார்.

கீழே ராஜபாளையம் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. நடத்துநர் கத்தினார். அந்த பஸ் கிளம்பிப் போனது. துண்டுக்கு அடியில் ஒரு சத்தமும் இல்லை.

அவர் குனிந்து காதை வைத்தார். இயர்போனை மாட்டிப் பார்த்தார். அதுவும் ஊமை.

"கோடு ஏறி இறங்குச்சே..." என்றார் மெதுவாக. "இந்தக் கண்ணால பாத்தேனே."

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு முன் டீச்சரின் கையைப் பிடித்து இறங்கிய படி.



"இந்த மெஷினோட சவுண்டு சிப்பை லினக்ஸுக்கு இன்னும் சரியாத் தெரியாது போல," என்றாள் பர்வீன். மேஜை டிராயரிலிருந்து கட்டைவிரல் அளவுக்கு ஒன்றை எடுத்து லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகினாள். "இது தனி சவுண்டு கார்டு. இயர்போனை இதுல மாட்டுங்க. இதுவும் ஒத்துக்கலைன்னா பழசே இருக்கட்டும். நாம எதையும் அழிக்கலையே."

அவர் மாட்டிக்கொண்டு, திரையை வாசிக்கிற நிரலைத் தட்டினார். காதுக்குள் கரகரவென்று ஒரு குரல் தமிழில் எண்களும் எழுத்துகளுமாகச் சொல்ல ஆரம்பித்தது.

"பேசுது!" என்றார். "குருவே, பேசுது! எப்படித் தோணுச்சு உங்களுக்கு? நான் ஒரு மணி நேரம் உக்காந்து..."

முகமெல்லாம் மலர்ந்திருந்தது. டிக் அடித்த தாளைத் தானே கிழித்துப் போட்டார். புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, திரையைப் பார்க்கத் துண்டை விலக்கப் போனார்.

பர்வீன் அவர் கையைத் தடுத்தாள்.

"அது கிடக்கட்டும் அண்ணாச்சி. முதல்ல இருந்து எல்லாத்தையும் பாருங்க. பாக்காம."