சூரியன் கூடவே பறந்த சாச்சி

ஒரு ஊர்ல ஒரு சாச்சி. ஊரு கீழக்கரை, பேரு ஜொகரா. எதைத் தாங்கினாலும் பசியை மட்டும் தாங்க மாட்டா. நோன்பு மாசத்துல மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்றதுக்குள்ளயே அவ வயிறு கொர்ர்... கொர்ர்னு ஆரம்பிச்சுடும். கண்ணை மூடிக்கோ, ஆனா ம் மட்டும் சொல்லணும்.

"ம்."

அவளோட அக்கா மக அஃப்ரின், எட்டு வயசு, லண்டன்ல இருந்தா. போன்ல சொன்னா, "சாச்சி, நீங்க வர்ற அன்னிக்குத்தான் நான் முதல் நோன்பு பிடிக்கப் போறேன். பொழுது சாஞ்சதும் ரெண்டு பேரும் ஒண்ணா நோன்பு திறக்கணும்." சாச்சியும் சரின்னு வாக்குக் குடுத்துட்டா.

டிக்கெட்டைப் பார்த்தா, சென்னையில மத்தியானம் ரெண்டு மணிக்கு ஏறி, லண்டன்ல ராத்திரி எட்டு மணிக்கு இறங்கணும். அட, ஆறே மணி நேரம்தானேன்னு சாச்சிக்கு ஒரே குஷி. விடிகாலை நாலரைக்கு நோன்பு பிடிச்சா, பேரீச்சம்பழ டப்பாவை மடியில வச்சுக்கிட்டா, விமானமும் விர்ர்ர்னு கிளம்பிடுச்சு.

அப்புறம் கைக்கடிகாரத்துல எட்டு ஆச்சு. இறங்கலை. ஜன்னல் மறைப்பைத் தூக்கினா சூரியன் பளிச்சுனு நிக்குது. பக்கத்து சீட்டுப் பெரியவர் சிரிச்சார். "எண்ணாயிரம் கிலோமீட்டர்மா. பத்தரை மணி நேரம் ஆகும். லண்டன் கடிகாரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னாடி. சூரியன் போற பக்கமே நாமளும் போறோம், அது எப்படிச் சாயும்?"

சாச்சிக்குத் தலை கிறுகிறுன்னுச்சு. அப்போ தள்ளுவண்டி வந்துச்சு, கடகடகடன்னு. பிரியாணி வாசம். சாச்சி மூக்கைப் பொத்திக்கிட்டா.

அப்புறம் அந்தப் பெரியவர், "பயணத்துல நோன்பை விடலாம்மா, பின்னாடி பிடிச்சுக்கலாம்"னார். "தெரியும் காக்கா. அங்க பச்சப்புள்ள ஒண்ணு எனக்காகப் பட்டினியா உக்காந்திருக்கே"ன்னா சாச்சி. அவ ஊர்ல அண்ணனைக் காக்கான்னுதான் கூப்பிடுவாங்க.

அப்புறம் கைக்கடிகாரத்துல பதினொண்ணு ஆனப்போ அவ கையே டப்பாவைத் திறந்துடுச்சு. டக்குனு மூடி, அதுமேலயே உக்காந்துட்டா. தூங்கிட்டியா?

"...ம்."

ஒருவழியா இறங்கி வீடு சேர்ந்தா. லண்டன் கடிகாரத்துல ஒன்பதே காலுக்குப் பொழுது சாஞ்சுது. சாச்சி பழத்தை எடுத்து அஃப்ரின் கையில குடுத்தா. புள்ள வாங்கலை. தேம்பித் தேம்பி அழுதா.

"சாச்சி, நான் மத்தியானமே பிஸ்கட் தின்னுட்டேன்."

சாச்சி அவளை இழுத்து மடியில போட்டுக்கிட்டா.

"நம்ம ஊர்ல ஒரு நோன்புக்குப் பதினாலு மணி நேரம். நான் இருந்தது இருபத்தோரு மணி நேரம். மிச்சம் ஏழு மணி நேரம் உன் பேருக்கு. நீ மத்தியானம் வரைக்கும் இருந்ததோட அதைச் சேர்த்தா முழு நோன்பாச்சு. வாயைத் திற."

மேல இருக்கிறவன் கணக்கு எப்படியோ, நமக்குத் தெரியாது. சாச்சி கணக்கு அதுதான். ரெண்டு பேரும் ஒண்ணாவே திறந்தாங்க.

சூரியனும் படுத்தாச்சு, சாச்சியும் படுத்தாச்சு. கதையும் படுத்துடுச்சு, நீயும் தூங்கு.