தொண்டையில் நின்ற கப்பல்

காற்று வீசினால் பயணம், வீசாவிட்டால் காத்திருப்பு என்று கப்பல்கள் ஓடிய காலத்துக் கதை இது. குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

கீழைக் கடலோரத்தில் சங்குவாய்த் துறை என்று ஒரு வளைகுடா இருந்தது. உள்ளே முப்பது வணிகக் கப்பல்கள் நிம்மதியாக நிற்கலாம். நங்கூரம் போட்டுவிட்டால் எந்தப் புயலும் அசைக்காது. ஆனால் வாய் மட்டும் ரொம்பக் குறுகல், இரண்டு பக்கமும் பாறை.

அதனால் அந்தத் துறைக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் வருகிற கப்பல் உள்கோடிக்குப் போய் நங்கூரம் போட வேண்டும். அடுத்து வருவது அதற்கு முன்னால், வாய்ப்பக்கமாக நிற்கும். கிளம்பும்போது கடைசியில் வந்தது முதலில் போகும், முதலில் வந்தது கடைசியில் போகும். இதைக் கவனிக்கத் துறைத்தலைவி சாத்தி தோணியில் சுற்றிக்கொண்டே இருப்பாள். கறாரான பெண்.

ஓர் ஐப்பசி மாதம் மிளகு வணிகன் நெடுவேளன் முதல் ஆளாக வந்தான். வந்தவன் உள்ளே போகவில்லை. தொண்டையில் மீன்முள் மாட்டின மாதிரி வாயிலேயே நின்றுவிட்டான்.

"உள்ளே போங்கய்யா" என்றாள் சாத்தி.

"ஆளுங்க களைச்சுப் போயிருக்காங்க" என்றான்.

சற்றுப் பொறுத்து மறுபடி வந்தாள். "உள்ளே போங்கய்யா."

"காத்து சரியில்லை" என்றான்.

மூன்றாம் முறை வந்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. "முதல்ல வந்த நான் எதுக்குக் கடைசியில கிளம்பணும்? காத்து திரும்பினதும் அக்கரைச் சந்தைக்கு என் மிளகுதான் முதல்ல போகணும். நகர மாட்டேன்."

பெரிய சாமர்த்தியம் என்று அவனுக்கு நினைப்பு. சாமர்த்தியத்தை ஒருவன் காட்டினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? எண்ணெய் வணிகன் கொற்றன் வந்தான். பாறையை உரசிக்கொண்டு நுழைந்து, நெடுவேளனுக்கு நேர் பின்னால், உள்பக்கமாக நங்கூரம் போட்டான். துணி வணிகன் வெண்பூதன் வந்தான். அவனும் அப்படியே நுழைந்து கொற்றனுக்குப் பின்னால் நின்றான். முப்பது கப்பலுக்கான இடம் உள்ளே காலியாகக் கிடந்தது. மூன்று கப்பலும் வாயை அடைத்துக்கொண்டு நின்றன.

மறுநாள் காலை வானம் கறுத்தது. கடல் கொதித்தது. அப்போது ஒரு பெரிய கப்பல் பாய் கிழிந்து, அலையில் தத்தளித்துக்கொண்டு துறையை நோக்கி வந்தது. அதில் நாற்பது பேர் இருந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அலறியது நெடுவேளன் காதில் விழுந்தது. மற்றவர்களைப் போல உரசிக்கொண்டு நுழைய முடியாத அளவுக்கு அது பெரியது. அரை நாழிகைக்குள் வழி கிடைக்காவிட்டால் அது பாறையில் மோதிச் சிதறிவிடும்.

நெடுவேளன் உள்ளே நகர்ந்து வழிவிடத் தயாரானான். ஆனால் அவன் நகர வேண்டுமானால் கொற்றன் நகர வேண்டும். கொற்றன் நகர வேண்டுமானால் வெண்பூதன் நகர வேண்டும்.

சாத்தி உயிரைப் பணயம் வைத்து வெண்பூதனிடம் தோணியை ஓட்டினாள்.

"நாங்க உள்ளே போயிட்டா அவன் மட்டும் வாசல்லயே நிப்பான். முதல்ல அவனை நகரச் சொல்லு!" என்றான் வெண்பூதன்.

கொற்றனும் அதையே சொன்னான்.

நெடுவேளன் கெஞ்சினான், அவர்கள் நம்பவில்லை. வாக்குக் கொடுத்தான், நம்பவில்லை. பெற்ற தாயின் மேல் ஆணையிட்டான், அப்போதும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? நேற்று அவன் செய்ததைப் பார்த்துத்தானே அவர்களும் செய்தார்கள்!

வெளியே அந்தக் கப்பல் பாறையை நெருங்கிக்கொண்டிருந்தது.

நெடுவேளன் கோடரியை எடுத்தான். கப்பலின் முனைக்கு ஓடினான். ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, மூன்று வெட்டு. பெரிய நங்கூரத்தின் கயிறு அறுந்து கடலுக்குள் போனது.

"இனிமே என்கிட்ட இருக்கறது சின்ன நங்கூரம் ஒண்ணுதான்!" என்று கத்தினான். "அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். இங்கே நிக்கணும்னு நினைச்சாலும் இனி என்னால முடியாது. போங்கப்பா, உள்ளே போங்க!"

வெண்பூதன் வாய் பிளந்து பார்த்தான். உடனே நங்கூரத்தைத் தூக்கி உள்ளே போனான். அவன் பின்னாலேயே கொற்றனும் போனான். நெடுவேளனுக்கு நங்கூரத்தைத் தூக்க நேரமில்லை. சின்ன நங்கூரத்தின் கயிற்றையும் வெட்டினான். காற்று அவன் கப்பலை உள்ளே தள்ளியது. வழி திறந்தது. பெரிய கப்பல் பாறையை மயிரிழையில் தவிர்த்து வளைகுடாவுக்குள் வந்து சேர்ந்தது.

நெடுவேளனுக்கு ஆபத்து இன்னும் தீரவில்லை. பிடிப்பில்லாத அவன் கப்பல் கரைப்பாறைகளை நோக்கி மிதந்துகொண்டிருந்தது. அப்போதுதான் நங்கூரம் போட்டு முடித்த பெரிய கப்பலின் தலைவன் அதைப் பார்த்தான்.

"யாருய்யா நீ? உன் நங்கூரம் எங்கே?"

வேறு ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். நெடுவேளன் தலைகுனிந்தான்.

"உங்க வழியை அடைச்சு நின்னவன் நான்தான்."

தலைவனின் முகம் மாறியது. அவன் பின்னால் குழந்தைகள் இன்னும் அழுதுகொண்டிருந்தார்கள். ஒரு கணம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து, ஒரு கயிற்றுச் சுருளை எடுத்து நெடுவேளனை நோக்கி வீசினான்.

"கெட்டியாப் பிடி" என்றான்.

ஒதுங்க இடம் கிடைத்தவன், அடுத்து வருகிறவனுக்கு வழி விட்டு உள்ளே தள்ளி நிற்க வேண்டும்.