அரிவாள் இல்லாத விருந்து

முன்னொரு காலத்துல செங்காட்டூர்ச் சீமையை விசயகண்டன்னு ஒரு ராஜா ஆண்டுகிட்டிருந்தான். நல்லவன்தான். ஆனா காதுல கடைசியா யார் ஊதினாங்களோ, அவங்க பேச்சுதான் சட்டம். ஊதுறதுக்குன்னே தளபதி அரிகண்டன் பக்கத்துல இருந்தான். மந்திரி திருமேனியைக் கண்டா அவனுக்கு ஆகவே ஆகாது.

வடக்கெல்லையில ஆனைமுடங்கு மலை. அங்கே ஜனங்க வேற பேச்சு, வேற சாமி. ஒருநாள் வரி வாங்கப் போனவன் ஒரு பொண்ணு கழுத்துப் பாசிமணியைப் பறிச்சான். மலைக்காரங்க அவனை நாலு சாத்து சாத்தி அனுப்பிட்டாங்க. அவ்வளவுதான்! "கலகம்"னு குதிச்ச அரிகண்டன், மலையில கத்தி, அரிவாள், அருவாமனை எதுவுமே இருக்கக் கூடாதுன்னு உத்தரவு வாங்கி, அத்தனையும் அள்ளிக் காவல் கொட்டடியில பூட்டிட்டான். மூணு மாசம் பொறுத்த ஜனங்க கொட்டடி முன்னால கூடிக் கூச்சல் போட்டாங்க.

சபையில அரிகண்டன் மீசையை முறுக்கினான். "மகாராஜா, திமிரு அடங்கல. வெள்ளச்சின்னு ஒருத்தி கொட்டடியில புகுந்து கத்தி திருடியிருக்கா, பிடிச்சு விலங்கு போட்டுக் கொண்டாந்திருக்கோம். நாளைச் சாயங்காலம் அவ தலையை வாங்கினா மலையே அடங்கிடும்."

"அப்படியே ஆகட்டும்!"னான் ராஜா.

திருமேனி எழுந்தார். "மகாராஜா, கத்தி கூடாதுங்கற உங்க சட்டம் மலைக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"என்னய்யா கேள்வி! எனக்கும் சேர்த்துத்தான்!"

"அப்போ நாளைக்கு ஒரு நாள் அரண்மனையிலயும் அது நடக்கட்டுமே."

"பெரிய விஷயமா? நடத்தும்!"

விடிஞ்சது. நாவிதர் வந்து ராஜா தாடையில தண்ணியைத் தடவித் தடவிப் பார்த்துட்டு, கும்பிடு போட்டுட்டுப் போயிட்டார். மத்தியானம் விருந்து. இலை அறுக்கக் கத்தி ஏது? வாழைமரத்தையே வேரோட பிடுங்கி முன்னால கிடத்திட்டாங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு கேட்டிருக்கோம். இங்கே அது காம்போட குழம்புல மிதக்குது! பக்கத்துல ஒரு முழுப் பலாப்பழம். ராஜா அதைக் கையால பிய்க்கப் போய், முள்ளு குத்தினதுதான் மிச்சம்.

"யோவ் திருமேனி! பசி உயிர் போகுதுய்யா!"

"அரை நாள்தானே ஆச்சு, மகாராஜா. மலையில மூணு மாசம்."

ராஜா முகம் சுருங்கிப் போச்சு. வெள்ளச்சியைக் கூட்டிவரச் சொன்னான். விலங்கோட வந்து நின்னா.

"எதுக்கம்மா திருடினே?"

"பிரசவம் பாக்கிறவ சாமி நான். கத்தி போன பொறவு ஒரு புள்ள பொறந்துச்சு. ஒடைஞ்ச மூங்கிலால தொப்புள்கொடிய அறுத்தேன். சீழ் வெச்சு செத்துப்போச்சு. அடுத்தவ நெறமாசமா நின்னா. கொட்டடியில பூந்து என் கத்தியத்தான் எடுத்தேன். அந்தப் புள்ள பொழச்சிருக்கு. இப்போ என் தலைய எடுத்துக்குங்க."

"ஐயோ பாவி! என் வாய்ச்சொல் ஒரு பிஞ்சைக் கொன்னுடுச்சே!"ன்னு ராஜா அழுதுட்டான். "கழட்டுங்கடா விலங்கை! அரிகண்டா, எடுத்த அத்தனையும் நீயே தலையில சுமந்துகிட்டு மலை ஏறு. பறிச்ச பாசிமணியும் கூட வரணும். நானும் வரேன். திருமேனி, உமக்கு என்ன பரிசு வேணும்?"

"முதல்ல அந்தப் பலாவை யாராவது வெட்டுங்க, மகாராஜா. எனக்கும்தான் பசிக்குது."

மலையில ஒரு வழக்கம் உண்டு. கத்தி குடுக்கிறவன் முனையைத் தன் நெஞ்சுக்கு நேரா வெச்சு, பிடியை அடுத்தவங்களுக்கு நீட்டணும். அரிகண்டன் தலைச்சுமையில இருந்து ராஜா ஒவ்வொண்ணா எடுத்து அப்படியே குடுத்தான். எல்லாரும் வாங்கினாங்க. செத்த புள்ளையோட ஆத்தா மட்டும் வாங்காம நின்னா. "நேரமாகுது, கீழ வெச்சுட்டு வாங்க"ன்னு அரிகண்டன் முணுமுணுத்தான். ராஜா திரும்பிக்கூடப் பார்க்கல. பொழுது சாய்ஞ்சு அவளா வந்து பிடியைத் தொடுற வரைக்கும் நீட்டின கையை மடக்காம நின்னான். அதுக்காகத்தான் அவனை இன்னமும் ராஜான்னு சொல்றோம்.