மூவாயிரம் சுற்றியது யார்

“மூவாயிரம் கேட்டாங்க, மூவாயிரம் காட்டுது, இன்னும் என்னட்டி வேணும் உனக்கு?”

ஓர் எழுத்து மாறாமல் லீதியாள் இதை மறுபடியும் சொன்னாள். எதிரே ஸ்டூலில் இருந்த ஆவுடை, டீயில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாளையங்கோட்டை கான்வென்ட்டில் இரண்டு பேரும் ஒரே பெஞ்ச். அந்தக் காலத்தில் ஆவுடைக்கு இங்கிலீஷ் கட்டுரை எழுதிக் கொடுத்தவள் லீதியாள். இப்போது பிள்ளைகளை ஆளாக்கி அனுப்பிவிட்டு, லேப் கருவிகள் பழுது பார்க்கும் ஆவுடையின் பட்டறைக்கே தொழில் கற்க வந்திருக்கிறாள். வயது ஒன்றுதான். வாய் மட்டும் சிஷ்யைக்கு ஜாஸ்தி.

மேஜையில் சென்ட்ரிஃபியூஜ் ஓடிக்கொண்டிருந்தது. ரத்தக் குழாய்களைக் கிறுகிறுவென்று சுழற்றி, சிவப்பை அடியிலும் சீரம் என்கிற தெளிந்த நீரை மேலேயும் பிரித்துக் கொடுக்கிற மிஷின். மலையடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போக வேண்டியது. அங்கே காய்ச்சல்காரர்கள் வராந்தா வரைக்கும் படுத்துக் கிடக்கிறார்கள். கொண்டுபோக வந்த வண்டி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

வேகத்தை அளந்த பேட்டரி மீட்டர் லீதியாள் தன் கையால் கட்டியது, முதன்முதலாகக் கட்டியது. சுழலும் தலையில் எதிரெதிரே இரண்டு வெள்ளை ஸ்டிக்கர். சென்ட்ரிஃபியூஜ்காரர்கள் ஜோடி இல்லாமல் அதில் எதையும் வைக்க மாட்டார்கள். ஒரு பக்கம் கனத்தால் மிஷின் பேயாட்டம் ஆடும். மூடியில் உள்ள கண்ணாடித் துவாரத்துக்கு மேல் ஒளி சென்சார். வெள்ளை கடக்கும்போதெல்லாம் மைக்ரோகன்ட்ரோலர் என்கிற சில்லு எண்ணிக்கையில் ஒன்று கூட்டும். சுற்றுக்கு இரண்டு வெள்ளை என்பதால் வந்த எண்ணிக்கையைப் பாதியாக்கி, நிமிஷத்துக்கு இத்தனை சுற்று என்று திரையில் போடும்.

திரையில் மூவாயிரம்.

“பாஸ் ஸ்டிக்கர் ஒட்டவா, வேண்டாமா? அதையாவது வாயைத் தொறந்து சொல்லு.”

“மூவாயிரம் சுத்துறது யாரு?”

“உங்க தாத்தா. கேக்குறா பாரு கேள்வி. மோட்டார்தான்!”

“அதுகிட்டக் கேட்டியா?”

“இந்தா பாரு ஆவுடை, தாடி வளத்து மலைமேல உக்காந்திருக்கவங்க பேசுற பேச்செல்லாம் என்கிட்ட வேண்டாம். சொல்லுறதை நேரா சொல்லு. அங்கன சனம் காத்துக் கிடக்கு.”

ஆவுடை டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து போய் சென்ட்ரிஃபியூஜின் பிளக்கைப் பிடுங்கினாள்.

இரைச்சல் இறங்கியது, முனகலானது, அடங்கியது. மூடிக்குள் எல்லாம் நின்றுவிட்டது.

திரையில் மூவாயிரம்.

லீதியாள் மீட்டரின் மண்டையில் ஒரு தட்டு தட்டினாள்.

“அதை ஏன் அடிக்க? பாவம், அது ஒழுங்காத்தான் எண்ணுது.”

“எதையட்டி எண்ணுது? நின்னு போச்சே!”

“நானும் அதைத்தானே கேட்டேன்.”

லீதியாள் உள்ளங்கையால் சென்சாரைப் பொத்தினாள். பூஜ்யம். கையை எடுத்தாள். மூவாயிரம். ஜன்னல் பக்கத்தை மறைத்துப் பார்த்தாள். எண் அசையவில்லை. பிறகுதான் நிமிர்ந்தாள். மேஜைக்கு நேர் மேலே சோக் வைத்த பழைய டியூப்லைட். துவாரத்துக் கண்ணாடியில் அதன் வெளிச்சம் பளிச்சென்று விழுந்திருந்தது.

போய் அதை அணைத்தாள். பூஜ்யம்.

பகல் வெளிச்சம் மங்கலாக மிஞ்சியிருந்தது. அந்த வெளிச்சத்தில் பிளக்கைச் சொருகி மோட்டாரை ஓட்டினாள். திரை இரண்டாயிரத்து நானூறுக்கு வந்து நின்றது. அதற்கு மேல் ஏறவே இல்லை.

இந்த வேகத்தில் சீரம் தெளிந்து வராது. சிவப்பு கலந்துதான் வரும். அந்தக் கலங்கலை வைத்து லேபில் ஒருத்தி ரிப்போர்ட் போடுவாள். அந்த ரிப்போர்ட்டை நம்பி டாக்டர் ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவார். கையிலிருந்த பாஸ் ஸ்டிக்கரை லீதியாள் கசக்கினாள்.

“யக்கா, ஏத்தலாமா?” வாசலிலிருந்து டிரைவர் சுடலைமணி குரல் கொடுத்தான்.

“இரு! குடி முழுகிப் போவாது!”

இந்தத் தடவை யாரையும் குறை சொல்லவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். மோட்டாருக்குள் கரண்டு கொண்டுபோகும் கார்பன் பிரஷ் தேய்ந்து சுண்டு நகம் மாதிரி கிடந்தது. புதுசு போட்டாள். விளக்கைப் போடாமலே ஓட்டினாள். எண் தயங்கித் தயங்கி ஏறி, மூவாயிரத்துக்குச் சற்றுக் கீழே, போதுமான இடத்தில் நிலைத்தது. பிளக்கைப் பிடுங்கினாள். எண்ணும் கூடவே இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வேறு ஸ்டிக்கர் எடுத்து ஒட்டினாள்.

மீட்டரைக் கழற்றி மேஜையில் மல்லாக்க வைத்தாள். சுடலைமணி உள்ளே வந்து மிஷினுக்குக் கயிறு கட்ட ஆரம்பித்தான். ஆவுடை டியூப்லைட்டைப் போட்டாள். இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது.

திரையில் மறுபடியும் மூவாயிரம்.

லீதியாள் குரலைத் தாழ்த்தினாள். “அப்போ அது யாரு?”

“தூத்துக்குடியில கரண்டு எடுக்குற சக்கரம் ஒண்ணு இருக்கு. வீடு கணக்கா இருக்கும். அது ஒரு சுத்து சுத்தினா இந்த விளக்கு ரெண்டு தடவை துடிக்கும். நம்ம கண்ணுக்குத்தான் தெரியாது. நீ ரெண்டைப் பாதியாக்கிட்ட.”

“அப்போ அந்தச் சக்கரம்…”

“நிமிஷத்துக்கு மூவாயிரம்.”

லீதியாள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசி இலக்கம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஒன்று குறைந்தது, இன்னொன்று குறைந்தது, மெல்ல ஏறி வந்தது. இத்தனை நேரமும் அதை மீட்டரின் நடுக்கம் என்று நினைத்திருந்தாள்.

“ஏன் இப்படி ஏறி இறங்குது?”

“எங்கயோ சனம் கரண்டு இழுக்குது, பாரம் கூடுது. மூச்சு வாங்குது.”

“அது ஒண்ணு மட்டுமா?”

“பாபநாசம் மலையில சுத்துறது, நெய்வேலியில சுத்துறது, இமயமலை அடிவாரத்துல சுத்துறது. சிலது வேகம், சிலது நிதானம். ஆனா எல்லாம் ஒரே கரண்டு கம்பியில கோத்தது, எல்லாத்துக்கும் ஒரே தாளம். ஒண்ணு முந்தாது, ஒண்ணு பிந்தாது.”

வீட்டில் தினமும் இதே மாதிரி வெளிச்சத்துக்குக் கீழே நின்றுதான் லீதியாள் வெங்காயம் உரித்தாள், பேன் பார்த்தாள், வீட்டுக்காரரோடு சண்டை போட்டாள். சபையில் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

“ஆவுடை, நான் எங்க வீட்டுல மாவாட்ட கிரைண்டர் போட்டா… அதுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

லீதியாள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து நின்ற ஆவுடையும் அண்ணாந்து பார்த்தாள்.

“யக்கா, ஒரு கை புடிங்களேன். ஒத்தையில தூக்க முடியல.”